ஈல்டும் அவெய்ட்டும்: ஏழு வருடம் நின்ற பாலம்



போன வாரம் நான் போட்ட முருங்கைக்காய் படத்துக்கு வந்த லைக்கில் கால்வாசிகூட இந்தப் பதிவுக்கு வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கணினிப் பக்கமே போகாத அத்தைகளும் சித்தப்பாக்களும் ஓராசிரியர் பள்ளி வரைக்கும் படித்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம். நிரல் எழுதிப் பிழைக்கும் பிள்ளைகள் மட்டும் கடைசி வரை இருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பைத்தான் மொழியில் "இங்கே கொஞ்சம் காத்திரு" என்று சொல்ல ஒரு பழைய முறை இருந்தது. 2015-இல் புதிய முறை வந்தது. இரண்டும் பல வருடம் ஒன்றாகப் புழங்கின. பிறகு பழையதை எடுத்துவிட்டார்கள். என் பழைய மாணவன் ஒருவன் எழுதி வைத்த நிரல் இதனால் ஒருநாள் நின்றுபோனது. அவனுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு எழுத்துப் பிரச்சினை. அந்தப் புதிய சிறப்புச் சொல்லைத் தமிழில் நேராக எழுதினால் "அசிங்க்" என்று வருகிறது. வகுப்பில் சொன்னால் பின் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். ஆகவே "ஏசிங்க்" என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பது என்றால் என்ன? ஓராசிரியர் பள்ளியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. மூன்றாம் வகுப்புக்கு நாலு கணக்கு போட்டுவிட்டு, அவர்கள் போடுகிற நேரத்தில் முதல் வகுப்புக்கு "அ" எழுதிக் காட்டுவார். ஐந்தாம் வகுப்பு பாடத்தை வாசித்துக்கொண்டிருக்கும். "முடிச்சிட்டேன் சார்" என்று மூன்றாம் வகுப்பிலிருந்து குரல் வந்தால், விட்ட இடத்திலிருந்து அங்கே தொடர்வார். வாத்தியார் ஒருவர்தான், ஆனால் ஐந்து வகுப்பும் நடக்கும். அவர் ஒரே வகுப்பின் முன்னால் நின்று, அவர்கள் கணக்கு போட்டு முடிக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற நாலும் சந்தைக்கடை ஆகிவிடும்.

கணினியில் அந்த வாத்தியாருக்குப் பெயர் ஈவென்ட் லூப். ஒவ்வொரு வகுப்பும் ஒரு கோரூட்டீன். சாதாரணச் செயற்கூறு உள்ளே போனால் முடித்துவிட்டுத்தான் வெளியே வரும். கோரூட்டீன் நடுவில் நிற்கும். தன் மாறிகளின் மதிப்பையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் நின்ற வரியிலிருந்து மறுபடி தொடரும். இது புதுச் சரக்கு இல்லை. மெல்வின் கான்வே என்பவர் 1958-லேயே இந்தப் பெயரை வைத்து, 1963-இல் கட்டுரையாகவும் வெளியிட்டுவிட்டார்.

பைத்தானில் இது சுற்றுவழியாக வந்தது. 2001-இல் ஜெனரேட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆயிரம் விடைகளை மொத்தமாகப் பட்டியல் போட்டுத் தராமல், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருகிற செயற்கூறு. தருவதற்கான சொல் ஈல்டு. ஒன்றைத் தந்துவிட்டு அடுத்ததைக் கேட்கும்வரை அது நின்றுதானே ஆக வேண்டும்? அந்த "நிற்கிற" குணத்தை யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 2006-இல் வந்த 2.5 பதிப்பில், நிற்கும் ஜெனரேட்டருக்குள் வெளியிலிருந்து மதிப்பை அனுப்ப வழி செய்தார்கள். 2012-இல் 3.3 பதிப்பில் ஈல்டு ஃப்ரம் வந்தது: ஒரு ஜெனரேட்டர் இன்னொன்றிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, அது முடியும்வரை நிற்கலாம். 2014-இல் 3.4 பதிப்போடு ஏசிங்க்-ஐஓ நூலகம் வந்தது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸமே முன்னின்று வடிவமைத்தது. டியூலிப் என்று செல்லப் பெயர்.

ஆக 2014-இல் "காத்திரு" என்பதற்கு ஈல்டு ஃப்ரம் என்று எழுத வேண்டும். செயற்கூறின் தலைமேல், அட் குறி போட்டு ஏசிங்க்-ஐஓ.கோரூட்டீன் என்ற டெக்கரேட்டரை வைக்க வேண்டும். அதுதான் பழைய முறை.

இதில் என்ன குறை? ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. நிரலைப் படிப்பவருக்கு, இது மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தருகிற ஜெனரேட்டரா, காத்திருக்கிற கோரூட்டீனா என்று பார்த்தவுடன் தெரியாது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒரு செயற்கூறை ஜெனரேட்டர் ஆக்குவதே அதனுள்ளே இருக்கும் ஈல்டு என்ற சொல்தான். உள்ளே ஒரே ஒரு ஈல்டு ஃப்ரம் இருந்து, நிரலைத் திருத்தும்போது அந்த வரியை நீங்கள் எடுத்துவிட்டால், செயற்கூறு சத்தமில்லாமல் சாதாரணச் செயற்கூறாக மாறிவிடும். பெயர் அதே, அளபுருக்கள் அதே, இனம் மட்டும் வேறு. இப்படி ஒரு பிழையைத் தேடிப் பாருங்கள், தலைமுடி நரைக்கும்.

2015 செப்டம்பரில் 3.5 பதிப்பு வந்தது. யூரி செலிவனோவ் எழுதிய முன்மொழிவின்படி ஏசிங்க் டெஃப், அவெய்ட் என்ற இரண்டும் உள்ளே வந்தன. சி ஷார்ப் மொழியில் 2012-லேயே இருந்த சொற்கள்தாம். இனிமேல் செயற்கூறின் முதல் வரியைப் பார்த்தாலே அது என்ன இனம் என்று தெரியும். உள்ளே அவெய்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கோரூட்டீன்தான்.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. புதிய பெயர் வைத்தார்களே தவிர, அடியில் ஓடும் இயந்திரத்தை மாற்றவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தி ஓட்டிய அதே பொறிதான் ஏசிங்க் டெஃப்-ஐயும் ஓட்டியது. அதனால் பழையதும் புதியதும் ஒன்றையொன்று கூப்பிட ஒரு சின்னப் பாலம் போதுமானதாக இருந்தது. டைப்ஸ்.கோரூட்டீன் என்ற ஒரு டெக்கரேட்டர். அதைத் தலையில் வைத்த பழைய ஜெனரேட்டரை, புதிய முறையில் எழுதிய செயற்கூறு அவெய்ட் செய்யலாம். அந்தப் பழைய ஜெனரேட்டரும் தன் பங்குக்குப் புதிய கோரூட்டீனை ஈல்டு ஃப்ரம் செய்யலாம். ஏசிங்க்-ஐஓவின் பழைய டெக்கரேட்டரும் உள்ளுக்குள் இதே முத்திரையைத்தான் குத்தியது.

முத்திரை இல்லாத வெறும் ஜெனரேட்டருக்கு அனுமதி கிடையாது. அதை அவெய்ட் செய்தால் பிழை. அதற்குள்ளிருந்து புதிய கோரூட்டீனை ஈல்டு ஃப்ரம் செய்தாலும் பிழை. ஏசிங்க் டெஃப்-க்கு உள்ளே ஈல்டு ஃப்ரம் என்று எழுதினால் தொடரியல் பிழை, நிரல் தொடங்கவே தொடங்காது. பொறி ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கலக்க விட்டிருக்கலாம். விடாமல் வேண்டுமென்றே தடுத்தார்கள். அந்தக் கண்டிப்பு சரி என்பது என் கட்சி. அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட்டால் பழைய குழப்பம் புதிய வீட்டிலும் குடியேறிவிடும்.

இதனால் என்ன லாபம் என்றால், பெரிய நிரல் வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. இன்றைக்கு ஒரு செயற்கூறு, அடுத்த வாரம் இன்னொன்று. பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் 2019-இல் பைத்தானுக்கு மாறியபோது, பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்குவது எப்படி என்று அதில் ஒரு பாடம் வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? "சி++ படிச்சதெல்லாம் வீணா சார்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் ஓர் ஆறுதல். அதே மாதிரி.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனக்குறை. ஏசிங்க், அவெய்ட் இரண்டும் முதலில் அரைகுறைச் சிறப்புச் சொற்களாகத்தான் இருந்தன. ஏசிங்க் டெஃப்-க்கு உள்ளே மட்டும் சிறப்புச் சொல். வெளியே மாறிக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம். 2018 ஜூனில் 3.7 வந்தபோது முழுச் சிறப்புச் சொல் ஆக்கிவிட்டார்கள். அவ்வளவுதான், ஏசிங்க் என்று அளபுருவுக்கோ கோப்புக்கோ பெயர் வைத்திருந்த நூலகங்களெல்லாம் தொடரியல் பிழை என்று படுத்துக்கொண்டன. பலரும் பயன்படுத்தும் செலரி நூலகத்திலேயே அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருந்து, பெயர் மாற்ற வேண்டி வந்தது. பழைய டெக்கரேட்டரை எடுத்தது கோரூட்டீன் எழுதியவர்களை மட்டும்தான் பாதித்தது. இதுவோ கோரூட்டீன் என்றால் என்னவென்றே தெரியாதவர்களின் நிரலையும் நிறுத்தியது. மூன்று வருட அவகாசம் இருந்தது, உண்மைதான். ஆனாலும் ஊர்ப் பொதுக் கிணற்றுக்குத் திடீரென்று பூட்டு போட்ட மாதிரி ஒரு வருத்தம்.

பழைய டெக்கரேட்டருக்கு 2019 அக்டோபரில் 3.8 பதிப்பில் "இனி இதைப் பயன்படுத்தாதீர்கள்" என்ற எச்சரிக்கை சேர்ந்தது. 2022 அக்டோபரில் 3.11 வந்தபோது நீக்கிவிட்டார்கள். புதிய முறை வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் ஏழு வருடம்.

இனி மாணவன் கதைக்கு வருகிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது 2016-இல் எழுதிய நிரல். சுற்றுவட்டாரத்தில் பதினோரு ஊர்களில் பால் சேகரிப்பு மையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குளிரூட்டும் தொட்டி. பாலை 4 டிகிரி அளவில் வைத்திருக்க வேண்டும். ராத்திரி மின்சாரம் போய் ஜெனரேட்டர் (இது டீசல் ஜெனரேட்டர், குழம்பாதீர்கள்) ஓடாமல் விட்டால் காலையில் பால் திரிந்துவிடும். இவன் நிரல் பதினோரு தொட்டியின் வெப்பநிலையையும் செல்போன் சிம் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏறினால் அந்த ஊர்ப் பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி போகும். பதினொன்றுக்கும் ஒரே நிரல், ஒரே வாத்தியார். எட்டு வருடம் ஓடியது. யாரும் அதைத் தொடவே இல்லை. நல்ல நிரலுக்கு அதுதான் அடையாளம், ஆபத்தும் அதில்தான்.

பழைய கணினி புகைந்து போய், புதியது வாங்கினார்கள். பழையதில் இருந்தது உபுண்டு 16.04, அதனோடு வரும் பைத்தான் 3.5. புதியதில் 24.04, பைத்தான் 3.12. நிரலைப் பிரதி எடுத்துப் போட்டு ஓட்டினால் ஓடவில்லை. இரண்டு ராத்திரி ஆள் உட்கார்ந்து பதினோரு ஊருக்கும் மணிக்கொருமுறை போன் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் எனக்கு அழைத்தான். "சார், நான் எழுதினது தப்பா சார்?" என்றான். தப்பே இல்லை. எழுதிய காலத்தில் பழகியிருந்த முறைப்படிதான் எழுதியிருக்கிறான்.

முதல் பிழை, தொடரியல் பிழை. பழைய ஏசிங்க்-ஐஓவில் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும் செயற்கூறின் பெயரே ஏசிங்க். அந்தச் சொல் சிறப்புச் சொல் ஆகிவிட்டதால் அந்த வரியைப் பைத்தானால் படிக்கவே முடியவில்லை. இந்த மோதல் வரும் என்று தெரிந்துதான் முன்கூட்டியே என்ஷ்யூர்-ஃப்யூச்சர் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். இவன் இணையத்தில் தேடி, இன்னும் புதிய கிரியேட்-டாஸ்க் என்பதைப் போட்டிருந்தான். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது பிழை: ஏசிங்க்-ஐஓவில் கோரூட்டீன் என்று எதுவும் இல்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "நீங்கள் கோரூட்டீன்ஸ் என்று சொல்ல வந்தீர்களா?" என்று பைத்தானே உதவிக்கு வருகிறது! ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அந்தப் பெயரில் நூலகத்துக்குள் ஒரு கோப்பு இருப்பதால், எழுத்துப்பிழை என்று நினைத்துக்கொள்கிறது. இவன் அதை நம்பி முப்பது இடத்தில் மாற்றி, அதைவிடப் புரியாத பிழையில் மாட்டிக்கொண்டான். பிழைச் செய்தியின் முதல் பாதியை நம்புங்கள். "சொல்ல வந்தீர்களா" என்ற பகுதியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வைத்தியம் மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

நான் சொன்னது: இன்றைக்கு ராத்திரிக்கு மட்டும், பழைய டெக்கரேட்டர் இருந்த இடத்திலெல்லாம் டைப்ஸ்.கோரூட்டீன் என்று போடு. அது மொழியின் பகுதி, இன்னமும் இருக்கிறது. போட்டான். மூன்றாவது பிழை வந்தது: கோரூட்டீனை எதிர்பார்த்தேன், ஜெனரேட்டர் வந்திருக்கிறது என்று கிரியேட்-டாஸ்க் திருப்பி அனுப்பியது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பாலம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று மொழியில், இன்னொன்று நூலகத்தில். முத்திரை குத்திய ஜெனரேட்டரை அவெய்ட் செய்யலாம் என்பது மொழியின் விதி. அது அப்படியே இருக்கிறது. ஆனால் ஜெனரேட்டரையும் கோரூட்டீன் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதை ஏசிங்க்-ஐஓ நூலகம் 3.12-இல் நிறுத்திவிட்டது. அதனால் கிரியேட்-டாஸ்க் மறுக்கிறது. என்ஷ்யூர்-ஃப்யூச்சர் மட்டும் அவெய்ட் செய்யக்கூடிய எதையும் ஒரு புதிய கோரூட்டீனில் பொதிந்து அனுப்பிவிடும். அதை வைத்ததும் நிரல் எழுந்து உட்கார்ந்தது. இடையில் லூப் என்ற அளபுருவைச் சில இடங்களில் நீக்க வேண்டியிருந்தது, 3.10-இல் போனது அது.

"ஓடுது சார்" என்றான். குரலில் அப்படி ஒரு நிம்மதி. பதினோரு ஊரும் திரையில் தெரிகிறதாம்.

"ஒரு மையத்துக்குப் போன் போட்டு சிம்மைக் கழற்றச் சொல்லு" என்றேன்.

கழற்றியதும் அந்த ஊருக்கான கோரூட்டீன் செத்தது. மறுபடி சிம்மைப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. காரணம், தொடர்பு அறுந்தால் ஐந்து விநாடி காத்திருந்து மறுபடி முயலும் குட்டிச் செயற்கூறு ஒன்று. அதன் தலையில் அவன் அன்றைக்கே டெக்கரேட்டர் வைக்கவில்லை. 3.5-இல் அது ஓடியது. ஏனென்றால் ஏசிங்க்-ஐஓவின் ஸ்லீப் செயற்கூறே அப்போது பழைய முறை ஜெனரேட்டர். வெறும் ஜெனரேட்டர் இன்னொரு ஜெனரேட்டரை ஈல்டு ஃப்ரம் செய்வதை யாரும் தடுப்பதில்லை. 3.7-இல் அந்த ஸ்லீப்பை ஏசிங்க் டெஃப் ஆக மாற்றி எழுதினார்கள். இவன் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலேயே, இவன் நிரல் விதியை மீறியதாகிவிட்டது. தொடங்கும்போது இது தெரியவே தெரியாது. ஏதாவது ஓர் ஊரில் தொடர்பு அறுந்தால்தான் அந்த வரிக்கே போகும். அதாவது, மின்சாரம் போகிற ராத்திரியில்.

இப்படி முத்திரையில்லாதவை மொத்தம் இரண்டு. இரண்டுக்கும் வைத்த பிறகுதான் அன்றைக்கு ஆள் உட்காராமல் தூங்கினார்கள்.

"எச்சரிக்கை ஒண்ணுகூட வரலையே சார்" என்று அவனுக்கு ஆதங்கம். எச்சரிக்கை 3.8-இலிருந்து 3.10 வரை வந்துகொண்டுதான் இருந்தது. இவன் கணினி 3.5-இல் உட்கார்ந்திருந்து நேராக 3.12-க்குத் தாவிவிட்டது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த காலம் முழுக்க இவன் அந்தப் பக்கமே போகவில்லை. போயிருந்தாலும், தானாக ஓடும் நிரலின் எச்சரிக்கை ஒரு பதிவுக் கோப்பில் போய் விழும். அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

அடுத்த பத்து நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏசிங்க் டெஃப்-க்கு மாற்றினான். அடியில் இருக்கும் குட்டிச் செயற்கூறுகளில் தொடங்கி மேலே போகச் சொன்னேன். முத்திரை குத்திய பழையது புதியதைக் கூப்பிடலாம் என்பதால், ஒவ்வொரு நாளும் பாதி மாறிய நிலையிலேயே நிரல் ஓடியது. ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை.

இதைப் படித்துவிட்டு டைப்ஸ்.கோரூட்டீனும் ஒருநாள் போய்விடுமா என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவெய்ட் என்பது "இன்னொருவரிடம் ஒப்படைத்துக் காத்திரு" என்பதுதான். ஒப்படைத்து ஒப்படைத்துக் கீழே போனால், கடைசியில் யாராவது ஒருவர் உண்மையாகவே நின்றாக வேண்டும். நிற்கும் அந்தச் சொல் ஈல்டுதான். ஏசிங்க்-ஐஓவின் மூல நிரலைத் திறந்து, பூஜ்ய விநாடி ஸ்லீப்பை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தலையில் டைப்ஸ்.கோரூட்டீன், உள்ளே வெறும் ஈல்டு. ட்ரையோ என்ற இன்னொரு நூலகத்தின் அடித்தளத்திலும் இதே அமைப்புதான்.

உங்களில் யாரிடமாவது 2018-க்கு முன் எழுதி, தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் நிரல் இருந்தால், கணினியை மாற்றும் முன் மூன்றைத் தேடிப் பாருங்கள்: ஈல்டு ஃப்ரம், ஏசிங்க்-ஐஓ.கோரூட்டீன், மாறியின் பெயராக ஏசிங்க். இருந்தால் முதலில் 3.8 முதல் 3.10 வரை ஏதாவது ஒரு பதிப்பில், எச்சரிக்கைகளைத் திரையில் காட்டச் சொல்லி ஓட்டுங்கள். சிம்மையும் கழற்றிப் பாருங்கள்.

புரியாவிட்டால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், காலையில் காபிக்குப் பிறகு பார்க்கிறேன். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எழுத்தாக அனுப்புங்கள். கண்ணாடி போட்டாலும் அடைப்புக்குறி தெரிய மாட்டேன் என்கிறது.